பந்தலுக்குள் பச்சை அடிக்கும் முகங்கள்

"அண்ணா, பொண்ணு முகம் பச்சையா அடிக்குதுண்ணா. சென்சார் போயிடுச்சா?"

முகூர்த்த மாதங்களில் எனக்கு வரும் போன்கள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சின்னசேலம், நயினார்பாளையம், கச்சிராயபாளையம் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று படமெடுக்கிற தம்பிகள் கூப்பிடுவார்கள். நான் கேமராவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "மேல என்ன கட்டியிருந்தாங்க தம்பி?" என்றுதான் கேட்பேன். பச்சை வலை என்பான், இல்லை சிவப்பு சாமியானா என்பான். அதற்கு மேல் விசாரிக்க அநேகமாக ஒன்றும் இருக்காது.

இதையே திரும்பத் திரும்பப் போனில் சொல்வதைவிட ஒரு தடவை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். படமெடுப்பவர்கள் மட்டுமல்ல, போனில் வீட்டு விசேஷத்தை எடுத்துவிட்டு "ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்காங்க" என்று யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் பக்கம் மண்டபம் பிடித்திருந்தாலும் பாதிச் சடங்கு வீட்டு வாசலில்தான் நடக்கும். தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகத் தைத்த சாமியானா, இல்லையென்றால் நர்சரியில் கட்டுகிற பச்சை நிழல்வலை, மழைக்காலம் என்றால் நீலத் தார்ப்பாய். காலை பத்து மணி வெயில் அதன் வழியாக இறங்கும்போது துணியின் நிறத்தை ஏற்றிக்கொண்டுதான் இறங்கும். சிவப்புத் துணி வெயிலில் உள்ள நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் தானே உறிஞ்சிக்கொண்டு சிவப்பைக் கீழே விடுகிறது. பச்சை வலையில் ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் சுத்தமான வெயிலும் வருவதால் அதன் பாதிப்பு சாமியானா அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் தாடைக்குக் கீழும் கன்னத்தின் நிழல் பக்கமும் பச்சை ஏறிவிடும்.

பந்தலில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இது தெரியாது என்பதுதான் சிக்கல். நம் கண் கொஞ்ச நேரத்திலேயே அந்த ஒளிக்குப் பழகிக்கொள்கிறது. எந்த நிறம் அதிகமாக விழுகிறதோ அந்த நிறத்துக்கான உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹானஸ் ஃபான் கிரீஸ் 1902-லேயே இதற்கு ஒரு கணக்கு எழுதி வைத்தார். இன்றைக்கு நம் கேமராக்களும் மென்பொருள்களும் நிறம் திருத்துவதற்கு அடிப்படையே அவர் கணக்குதான். 2015-இல் ஒரு கவுன் படம் இணையத்தில் சுற்றியது நினைவிருக்கும். சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் தங்கமும். எந்த ஒளியில் எடுத்த படம் என்று மூளை ஆளுக்கொரு மாதிரி ஊகித்துக்கொண்டதால் வந்த சண்டை அது. பந்தலுக்குள் உட்கார்ந்து கேமராவின் திரையைப் பார்த்து "நிறம் சரியாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யும் தம்பிக்கும் அதேதான் நடக்கிறது. அவன் கண் ஏற்கனவே சிவப்புக்குப் பழகிவிட்டது. வெளியே நல்ல வெளிச்சத்துக்கு வந்து ரெண்டு நிமிடம் நின்று அதே திரையைப் பார்த்தால்தான் தெரியும்.

சென்சார் என்பது நிறம் தெரிந்த பொருள் இல்லை. அதன் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு வடிகட்டி மட்டும் இருக்கும். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, மீதி இரண்டாகப் பிரிந்து சிவப்புக்கும் நீலத்துக்கும். சென்சார் எண்களை மட்டும் கொடுக்கிறது. இந்த எண்களில் எது வெள்ளை என்று முடிவு செய்வதற்குப் பெயர்தான் ஒயிட் பேலன்ஸ். அந்த முடிவு தவறினால் படம் முழுக்க நிறம் அடிக்கும். சென்சார் கெட்டுப்போய் முகம் பச்சையானதை நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் வைத்தால் கேமரா எப்படி முடிவெடுக்கிறது? இன்றைய கேமராக்களில் பல தந்திரங்கள் உண்டு. அடிப்படையான ஊகம் மட்டும் பழையது: ஒரு காட்சியில் உள்ள எல்லா நிறத்தையும் கலக்கினால் சராசரியாகச் சாம்பல் வரும். சாலை, வானம், மரம், சட்டை என்று எல்லாம் கலந்த கடைத்தெருப் படத்துக்கு இது பொருந்தும். நம் வீட்டு விசேஷங்களுக்குப் பொருந்தாது.

மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு மஞ்சள் புடவை, முகத்தில் கையில் அரைத்த மஞ்சள், பின்னால் செவ்வந்தி மாலை, தாம்பாளத்தில் மஞ்சள் கிழங்கும் எலுமிச்சையும். படத்தில் முக்கால்வாசி மஞ்சள். கேமரா இதை மஞ்சள் பல்பு வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு நீலத்தை ஏற்றுகிறது. புடவை வெளிறிப்போகும், நெற்றியில் பூசிய மஞ்சள் அழுக்குப் போலத் தெரியும், பெண்ணின் முகம் காய்ச்சலில் எழுந்து வந்ததுபோல் ஆகிவிடும். அடுத்த படத்தில் பச்சைப் புடவை அத்தை பக்கத்தில் வந்து நின்றால் கணக்கு மாறி முகம் வேறு நிறமாகிவிடும். ஒரே நலங்கு, ஒரே இடம், ஆல்பத்தில் அடுத்தடுத்த படங்களில் ஒரே பெண்ணுக்கு வேறு வேறு நிறம். மாமன் சீர் கொண்டுவந்து இறக்கும் அந்த நாளுக்கு மஞ்சள்தான் உயிர். அதைத் தூக்கி எறிகிற ஆட்டோவை அன்றைக்கு நிச்சயம் அணைத்து வைக்க வேண்டும். கூறைப்புடவையின் சிவப்பு சட்டகத்தை நிரப்பும்போதும் இதே கதை. அங்கே கேமரா சிவப்பை எடுத்துவிட்டு முகத்தை வெளிற வைக்கும்.

போனில் கேட்கும்போது நான் போகிற வழியைச் சொல்கிறேன். முதலில் எந்தத் திரையில் பார்க்கிறாய் என்று கேட்பேன். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போனிலும் லேப்டாப்பிலும் ஒரு அமைப்பு இருக்கிறதே, அது தானாக ஆன் ஆகித் திரையை மஞ்சளாக்கிவிடும். அதை அணைத்தவுடன் "சரியாயிடுச்சுண்ணா" என்று வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அடுத்தது, படம் முழுக்க ஒரே நிறமா, ஒரு பக்கம் மட்டுமா? முழுக்க என்றால் பிழைத்தோம், திருத்திவிடலாம். ஒரு கன்னம் நீலம் ஒரு கன்னம் மஞ்சள் என்றால் இரண்டு ஒளி கலந்திருக்கிறது, அது வேறு வைத்தியம். பிறகு என்ன நிறம் அடிக்கிறது? மஞ்சளா நீலமா என்றால் ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணைப் பார்க்கணும். பச்சையா ஊதாச்சிவப்பா என்றால் கெல்வினை எவ்வளவு தள்ளினாலும் சரியாகாது. பக்கத்தில் டின்ட் என்று இன்னொரு கோல் இருக்கும், அதைத்தான் தொடணும். பலர் பச்சையைப் போக்குவதற்கு கெல்வினை ஏற்றி ஏற்றி முகத்தை ஆரஞ்சுப் பழமாக்கிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கெல்வின் எண்கள் சில மனதில் இருந்தால் நல்லது. விளக்குத் திரி 1900 பக்கம். பழைய குண்டு பல்பு 2700 முதல் 2900. உச்சி வெயில் 5500-ஐ ஒட்டி. மேகம் மூடினால் 6500. வெயில் படாத நிழல், அதாவது நீல வானம் மட்டும் ஒளி தருகிற இடம், 7000-க்கு மேல் 10000 வரைகூடப் போகும். சின்னசேலத்தைச் சுற்றிச் சேகோ பேக்டரிகளின் களத்தில் ஜவ்வரிசி காய்வதைப் பார்த்திருந்தால் இந்த எண்களைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பரப்பிக் காயவைத்த அதே ஜவ்வரிசி, விடிந்த வெயிலில் எடுத்தால் பொன்னிறம், பன்னிரண்டு மணிக்குச் சுத்த வெள்ளை, சாயங்காலம் கட்டட நிழல் களத்தில் விழுந்த பிறகு எடுத்தால் லேசான நீலம். ஒயிட் பேலன்ஸை 5500-இல் பூட்டி வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அந்தக் களத்தை எடுத்துப் பாருங்கள் என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். ஒளி நிறம் மாறுவது அப்புறம் மறக்கவே மறக்காது.

சரி, பந்தலுக்குத் திரும்புவோம். அங்கே செய்ய வேண்டியது ஒரு கிரே கார்டு, அதாவது எந்த நிறச்சாய்வும் இல்லாத சாம்பல் அட்டை எடுத்து, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில், அவர்கள் முகம் இருக்கும் உயரத்தில் பிடித்து ஒரு படம் எடுப்பது. கேமராவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ், பிரீசெட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்தப் படத்தைக் காட்டிப் பூட்டிவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் கார்டைப் பிடித்தால் பயனில்லை. உங்கள் தலைக்கு மேல் மஞ்சள் பட்டையும் அவர்கள் தலைக்கு மேல் சிவப்புப் பட்டையும் இருக்கலாம். வெயில் ஏற ஏற மறுபடி எடுக்க வேண்டும். சென்சார் கொடுத்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்தால் பிறகும் திருத்திக்கொள்ளலாம். ஜேபெக்கில் எடுத்தால் கேமரா முடிவெடுத்து மீதியைத் தூக்கிப்போட்டுவிடும்.

ஆனால் அடர்ந்த சிவப்பு சாமியானாவுக்கு நேர்கீழே ரா கோப்பும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். நீலம் கீழே இறங்கியே இருக்காது. இல்லாததை ஏற்றப் போனால் முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள்தான் ஏறும். அதனால் நான் பந்தல்காரரிடம் முன்னாலேயே பேசிவிடச் சொல்கிறேன். "அண்ணே, மணை போடுற இடத்துக்கு மேல மட்டும் வெள்ளைத் துணி கட்டிக் குடுங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அவரிடம் உள்கூரைக்கு வெள்ளைத் துணி இருக்கும். மற்ற இடமெல்லாம் எந்த நிறமும் இருந்துவிட்டுப் போகட்டும். பல ஆயிரம் ரூபாய் லென்ஸ் தராத முகத்தை அந்த ஒரு துண்டுத் துணி தரும். முடியாத இடத்தில், குடும்பப் படத்தை மட்டுமாவது பந்தலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, திறந்த பக்கத்தைப் பார்த்து நிற்க வைத்து எடுங்கள்.

கிரே கார்டு கையில் இல்லாதபோது எல்லோரும் செய்கிற ஒன்று, மென்பொருளில் வெள்ளை வேட்டியைத் தொட்டு நிறம் திருத்துவது. தயவுசெய்து வேண்டாம். நம் வீட்டு வேட்டி வெள்ளை இல்லை. சொட்டு நீலம் போட்டு அலசியது. சலவைத்தூளிலும் புதுத் துணியிலும் ஒளிரும் வெண்மைக்காக ஒரு வேதிப்பொருள் உண்டு. அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பதே அதனால்தான். அந்த நீலத்தைப் போய் "இதுதான் வெள்ளை" என்று மென்பொருளுக்குக் காட்டினால் அது படம் முழுக்க மஞ்சளைப் பூசிவிடும். சில பிரிண்ட் காகிதங்களிலும் இதே பொருள் இருப்பதால் வெள்ளைத்தாளும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. எவர்சில்வர் குடம் சுற்றியுள்ள நிறத்தையெல்லாம் வாங்கிக் காட்டும், அதுவும் ஆகாது. பூசாத சிமெண்ட் தூண் பரவாயில்லை. என் கண் முதலில் போவது பெரியவர்கள் நெற்றி விபூதிக்கு. கொஞ்சம் அழுத்தமாகப் பூசியிருந்தால், அது பச்சையாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்று பார்த்தே படத்தின் நோய் தெரிந்துவிடும். அடியில் தோல் நிறம் தெரிவதால் அதைத் தொட்டுத் திருத்த முடியாது, பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மண்டபத்துக்குள் போனால் வேறு உலகம். பிலிம் காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படமெல்லாம் பச்சையாக வரும். குழாய்க்குள் இருக்கும் பாதரசம் 546 நானோமீட்டரில் ஒரு கூர்மையான பச்சைக் கோட்டை விடுவதுதான் காரணம். அதற்கென்றே ஊதாச்சிவப்பு வடிகட்டி ஒன்றை லென்ஸில் மாட்டுவார்கள். பிறகு ஆயிரம் வாட் ஹாலஜன் வந்தது, மணமக்கள் வேர்த்துக் கொட்டினார்கள், ஆனால் நிறம் ஒழுங்காக இருந்தது. ஹாலஜன் மஞ்சளாக இருந்தாலும் அதில் எல்லா நிறமும் விட்டுப்போகாமல் இருக்கும். திருத்தினால் திரும்பி வந்துவிடும்.

இப்போதுள்ள எல்இடியில் அந்த உத்தரவாதம் இல்லை. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடிதான், மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான விளக்கில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கு வாங்கும்போது நிறத்துல்லியம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், சிஆர்ஐ என்று. அது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பை அளக்கும் ஆர்9 என்ற எண் அந்தச் சராசரியில் சேராது. நமக்கு வேண்டியதோ அந்தச் சிவப்புத்தான்: குங்குமம், அரக்குப் பட்டு, மருதாணி, வெற்றிலை போட்ட உதடு, தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம். 80 என்று எழுதிய விளக்கின் கீழே இவை எல்லாம் சோர்ந்து தெரிவதற்கு இதுதான் காரணம். வீடியோ லைட் வாங்குகிறவர்கள் வாட்டைக் கேட்கிற மாதிரியே ஆர்9 எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள்.

ஒரே மண்டபத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா, சிலவற்றில் குறுக்கே பட்டை என்று வந்தால் ஒயிட் பேலன்ஸைத் தொடாதீர்கள். அது மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன, மங்கும்போது நிறமும் மாறுகிறது. 1/500 என்று ஷட்டர் வைத்தால் அந்தத் துடிப்பில் ஒரு துண்டு மட்டும் மாட்டும். 1/100, இல்லை 1/50 வைத்தால் முழுத் துடிப்பு உள்ளே வந்து நிறம் நிலைத்துவிடும்.

பிளாஷை மேல்நோக்கித் திருப்பி அடிக்கிறவர்கள் கூரையின் நிறத்தைப் பார்த்துவிட்டு அடியுங்கள். ரோஸ் பெயிண்ட் அடித்த கூரையில் பட்டு வரும் பிளாஷ் ரோஸாகத்தான் வரும். பிளாஷ் 5500, பின்னால் சீரியல் பல்பு 2800 என்று கலந்தால் முகம் சரியாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் வரும்; பிளாஷ் முகப்பில் ஒரு ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டிவிட்டு கேமராவை 3200-க்கு இறக்கினால் இரண்டும் ஒன்று சேர்ந்துவிடும். ஜன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் கலந்து முகம் இரண்டாகப் பிரிந்தால், ஒன்றை அணையுங்கள். மென்பொருளில் பாதி முகத்தை வரைந்து திருத்துவதைவிட சுவிட்சை அணைப்பது சுலபம்.

சீரியல் லைட்டுக்கு ஒரு வார்த்தை தனியாக. மேல்நாரியப்பனூர் அந்தோணியார் கோவிலில் ஜூன் மாதத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தேரை எடுப்பார்கள். நீல எல்இடிக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் வெறும் நீலத் திட்டாகி உருவமே தெரியாது. அது ஒயிட் பேலன்ஸ் சிக்கல் இல்லை, நீலப் பகுதி மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் நன்றாக இருப்பதுபோல்தான் காட்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் போட்டுப் பார்த்து, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். நடு வெயிலில் சிவப்புப் பட்டு ஆரஞ்சாக மாறி மடிப்பு தெரியாமல் போவதும் இதே கோளாறுதான்.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முகத்தின் நிறம்.

கலர் பிலிம் காலத்தில் உலகம் முழுக்க லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் ஒரு அட்டை கொடுத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி அட்டை என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த தோல் எப்படி வருகிறது என்று பல பத்தாண்டுகள் யாரும் அட்டை போட்டுப் பார்க்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அடர்பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று கோடாக்கிடம் அழுத்தம் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மர சாமான் கம்பெனிகளும் இருந்ததாக அவர் பதிவு செய்திருப்பதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. மனிதர்களுக்காக நடக்காதது மர நாற்காலிக்காக நடந்திருக்கிறது. 2021-இல் கூகுள் தன் பிக்சல் போனில் கறுத்த தோலுக்கென்று நிறக்கணக்கைத் திருத்தியது, 2022-இல் பத்துத் தோல் நிறங்கள் கொண்ட மங்க் அளவுகோலை வெளியிட்டது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

நம் ஊரில் இதற்கு வேறு வடிவம் உண்டு. "பொண்ண கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி" என்று அம்மாக்கள் கேட்பார்கள். வரன் பார்க்கக் கொடுக்கும் படம் என்றால் கேட்கவே வேண்டாம். போனும் அழகு மோடு என்ற பெயரில் சொல்லாமலே வெளுத்துக் கொடுக்கிறது. அடிக்கிற நிறத்தை எடுப்பதும் தோல் நிறத்தை மாற்றுவதும் ஒன்றல்ல. முதலாவது என் வேலை. இரண்டாவதை நான் செய்வதில்லை, செய்யக் கூடாது என்றும் நினைக்கிறேன். சமயத்தில் அந்த அம்மாவுக்கு உறுத்துவதும் பெண்ணின் கறுப்பு இல்லை. அதன் மேல் படிந்த பச்சையோ சாம்பலோதான். அதை எடுத்துவிட்டுக் காட்டினால் "இப்பதாம்ப்பா என் பொண்ணு மாதிரி இருக்கா" என்பார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

மனிதத் தோலின் நிறச்சாய்வு ஏறக்குறைய ஒரே திசையில்தான் இருக்கிறது. தோலில் உள்ள மெலனினும் அடியில் ஓடும் ரத்தமும் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், கறுப்பு, மாநிறம், சிவப்பு என்ற வித்தியாசம் பெரும்பாலும் வெளிச்ச அளவிலும் அடர்த்தியிலும்தான். வீடியோ மென்பொருளில் நிறத்தின் திசையைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒற்றைக் கோடு போட்டிருப்பது அதனால்தான். போட்டோவில் கன்னத்தின் மேல் கர்சரை வைத்தால் மூன்று எண்கள் வரும். சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு என்ற வரிசை இருக்க வேண்டும். நீலம் ஏறிப் பச்சையைத் தொட்டால் முகம் ஊதா அடிக்கும். பச்சை ஏறிச் சிவப்பை நெருங்கினால் நோயாளி மாதிரி இருக்கும். இந்த வரிசையைச் சரி செய்துவிட்டு வெளிச்சத்தை அதன் பாட்டுக்கு விட்டால், கறுத்த முகம் கறுத்த முகமாகவே, உயிரோடு வரும்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். கோமுகி அணை தாண்டி மேலே ஏறி வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போனால் 2000, 3000 அடி உயரம். மரத்தடியில் நின்று எடுத்த செல்ஃபி எல்லாம் பச்சை அடிக்கும். மேலிருந்து இலை வழியாக இறங்கும் ஒளியும் பச்சை, கீழே புல்லில் பட்டுத் திரும்புவதும் பச்சை. நிழலின் விளிம்புக்கு, வானம் தெரிகிற பக்கம் முகத்தைத் திருப்பினாலே பாதி போய்விடும்.

மேகம் அருவி, பெரியார் அருவியில் தண்ணீரைப் பட்டுப்போல எடுக்க ஆசைப்பட்டு, கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி பில்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் இப்போது அதிகம். மலிவான பில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். இலைகள் அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்புகிறவை. விளைவு, மலை முழுக்கச் செம்பழுப்பு. 2006-இல் லைக்காவின் எம்8 கேமராவுக்கே இந்த வகைக் கோளாறு வந்தது. சென்சாருக்கு முன்னால் இருந்த அகச்சிவப்புத் தடுப்பு போதாமல் கறுப்புச் செயற்கைத் துணியெல்லாம் ஊதாச்சிவப்பாக விழுந்தது. கடைசியில் வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனமே பில்டர் கொடுத்தது. அதனால் அகச்சிவப்பையும் தடுக்கும் என்டி என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் மழை பெய்து அருவி செம்மண் நிறத்தில் விழுந்தால் அது அருவியின் நிறம். அதை வெள்ளையாக்க வேண்டாம். தூரத்து மலைமடிப்புகள் நீலமாகத் தெரிவதும் காற்று சிதறடித்த ஒளி; அந்த நீலத்தில்தான் தூரமே இருக்கிறது. மலையில் ஒரு வீட்டுக்குள் அடுப்பு நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுத்தால், அந்தச் செம்மஞ்சளில் கொஞ்சம் குறைக்கலாம், அறவே எடுத்தால் நெருப்பை அணைத்த மாதிரி.

எங்கள் வட்டாரத்து மரச்சிற்பிகளுக்கு இது வயிற்றுப்பாடு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் ஆட்கள் போனில் படம் பார்த்துத்தான் விநாயகரையும் நடராஜரையும் ஆர்டர் கொடுக்கிறார்கள். பட்டறை எல்இடியில் எடுத்தால் மரம் பச்சை கலந்த மஞ்சளாகும். சிலையை மட்டும் நெருங்கி எடுத்தால் ஆட்டோ அந்தப் பழுப்பையே பிழை என்று நினைத்துச் சாம்பலாக்கிவிடும். பொருள் கைக்குப் போனதும் "படத்தில் வேற கலர்" என்று சண்டை. பட்டறை வாசலில், வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வைத்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு கிரே கார்டை நிறுத்தி முதல் படம். பிறகு கார்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்ற படங்கள். முதல் படத்தில் கார்டைத் தொட்டுத் திருத்தி, அதே திருத்தத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடலாம். போனில் ப்ரோ மோடு இருந்தால் கெல்வினைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கேமராவில் நிறவெளி அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்து, அப்படியே லேப்புக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பினால், படத்தோடு போகும் நிறவெளிக் குறிப்பைப் படிக்காத இடத்தில் படம் சோகையாகத் தெரியும். 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் வகுத்த எஸ்ஆர்ஜிபிதான் இன்னும் பெரும்பாலான லேப்களும் போன்களும் பேசும் மொழி. அனுப்பும் முன் அதற்கு மாற்றிவிடுங்கள். ஆல்பம் முழுக்க அச்சுக்குப் போகும் முன்னால் பெண், மாப்பிள்ளை, ரெண்டு பக்கத்துப் பெரியவர்கள் இருக்கிற ஒரு படத்தைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்குள் டியூப்லைட்டின் கீழே பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பச்சை இருக்கிறதா, எவ்வளவு என்று லேப் ஆளிடம் அந்தப் பிரிண்டையே காட்டிச் சொன்னால் அவர் திருத்திக் கொடுப்பார்.